மதில் கட்டிய வெளியாட்கள்

கும்மிடிப்பூண்டி பஸ் நிறுத்தத்தில் பெலாஸ்கியரைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். கிரேக்கருக்கு முன்பே கிரேக்கத்தில் வாழ்ந்த மக்கள். ஏதென்ஸ் கோட்டைக்கு மதில் கட்டிக் கொடுத்தார்களாம், பிறகு துரத்தப்பட்டார்களாம். 'எங்கிருந்து வந்தார்களோ, தெரியவில்லை' என்று முடித்துவிடுகிறது புத்தகம்.

எதிரே புதுத் தொழிற்சாலை. வேலை கேட்டு நின்ற பெண்ணை, "வெளியாளுக்கெல்லாம் வேலை இல்ல, போ" என்று விரட்டுகிறான் காவல்காரன். அவள் வந்து என் பக்கத்தில் உட்காருகிறாள்.

"எந்த ஊரும்மா உங்களுக்கு?" என்கிறேன்.

"நீயும் அதையே கேளு சார்! தோ, காம்பவுண்டுக்குள்ள புளியமரம் தெரியுதா? அதாண்டதான் எங்க ஊடு இருந்துச்சு. இந்தச் செவுத்துக்குக் கல்லு தூக்குனதே நான்தான். வெளியாளாம்!"

எனக்குக் காது சுடுகிறது. புத்தகத்தில் 'தெரியவில்லை'யை அடித்துவிட்டு, தாள் கிழிய அழுத்தி எழுதுகிறேன்: 'சொன்னார்கள். எவன் காதில் வாங்கினான்?'