கேள்வி அனுப்பிய பெண்

சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு மளிகை மொத்தக்கடையின் மாடியில் எங்கள் அலுவலகம் இருந்தது. இரண்டே அறைகள். ஒன்றில் கேமரா, விளக்குகள், எதிரெதிரே இரண்டு நாற்காலிகள். இன்னொன்றில் என் மேசை. கீழே மிளகாய் மூட்டை இறக்கும் நாட்களில் மேலே பேசுகிறவர்கள் தும்முவார்கள். அந்தத் தும்மல்களை வெட்டி எடுப்பதும் என் வேலைதான்.

இணையத்தில் வாரம் ஒரு நிகழ்ச்சி நடத்தினோம். ஓய்வுபெற்ற காவல் ஆய்வாளர் ஒருவரை நான் பேட்டி காண்பேன். முதல் பாதியில் அவர் விசாரித்த வழக்குகளைச் சொல்வார். பிற்பாதியில் நேயர்கள் குரல்பதிவாக அனுப்பும் சிக்கல்களுக்கு யோசனை சொல்வார். பொதுப்பாதையை அடைத்துவிட்ட கட்சிக்காரர், தங்கையை அடிக்கும் மாப்பிள்ளை, பொய்ப் புகார் கொடுப்பேன் என்று மிரட்டும் பங்காளி என்று எது வந்தாலும் அவரிடம் உடனே பதில் இருக்கும். மூன்று வருடம் அவருக்கு எதிரே உட்கார்ந்து தலையாட்டியிருக்கிறேன். ஒருமுறை என் சொந்த விஷயத்தில்கூட அவர் சொன்னபடிதான் நடந்தேன்.

ஒரு நாள் வந்த குரல்பதிவு இப்படி இருந்தது.

"பேரு சொல்ல மாட்டேனுங்க. என்ற ஊட்டுக்காரரு ஒரு பெரிய ஊட்டுல கார் டிரைவரா இருக்காருங்க. அந்த ஊட்டு மகன் காரை ஓட்டிட்டுப் போயி, சைக்கிள்ல வந்த ஒருத்தர அடிச்சுப் போட்டாருங்க. அந்த ஆளு செத்துட்டாரு. கேசு என்ற ஊட்டுக்காரரு பேர்ல. அன்னிக்கு இவரு வண்டியத் தொடவே இல்லீங்க. அடுத்த வாய்தாவுல குத்தத்த ஒத்துக்கச் சொல்றாங்க. செத்தவரு சம்சாரம் கோர்ட்டு வாசல்ல இவரப் பாத்து மண்ண வாரித் தூத்துறாங்க. அது என்ற புள்ளைங்க மேலதான உழுகும்? நான் வாயத் தொறக்கறதா, வேண்டாமா? அய்யா சொல்லட்டும்."

அவர் வழக்கமாக ஒரு முறை கேட்டுவிட்டுக் கேமராவைப் பார்க்கத் திரும்பிவிடுவார். அன்று, "இன்னொரு தடவை போடும்மா" என்றார். கேட்டு முடித்ததும், "ராசிபுரத்துப் பொண்ணுதானே?" என்றார்.

"ஊர் சொல்லலையே சார்."

"பேச்சுல தெரியுது."

நான் ஆத்தூர்ப் பக்கம் பிறந்தவள். எனக்கு அந்தப் பேச்சு நாமக்கல்லா, திருச்செங்கோடா என்று பிரித்துச் சொல்லத் தெரியாது. ஆனால் எங்கள் கேமராக்காரர் திருச்செங்கோட்டுக்காரர். அவர் உதட்டைப் பிதுக்கியதைப் பார்த்தேன்.

கேமரா ஓடத் தொடங்கியதும் ஆய்வாளர் பதில் சொன்னார். "அம்மா, உங்க வீட்டுக்காரர் ஒரு வார்த்தை குடுத்திருக்கார். கோர்ட்டுக்கு வேண்டியது காகிதம். நீங்க இப்பப் போயி உண்மையச் சொன்னீங்கன்னா, பொய் சொன்ன குத்தத்துக்கு அவர்தான் உள்ள போவார். புள்ளைங்களப் பாருங்க. காலம் எல்லாத்தையும் ஆத்தும்."

விளக்கை அணைத்த பிறகு என் மேசைக்கு வந்தார். "அந்தப் பொண்ணு நம்பரைக் குடும்மா. தனியாப் பேசி ஆறுதல் சொல்றேன்."

மூன்று வருடத்தில் அவர் யாருடைய எண்ணையும் கேட்டதில்லை. "பதிவு வந்ததும் நம்பரை அழிச்சுடுவோம் சார்" என்றேன். அது பொய். அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். ஸ்டேஷனில் அவருடைய மேசைக்கு முன்னால் நின்றவர்களை எப்படிப் பார்த்திருப்பார் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. "நல்ல பழக்கம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

அந்தப் பகுதியை நான் வெளியிடவில்லை. விளக்குச் சரியில்லை, முகம் இருட்டாக விழுந்துவிட்டது என்று சொல்லி வைத்தேன். அந்த எண்ணுக்கு நாலைந்து முறை அழைத்தும் எடுக்கவில்லை. கடைசியில் ஒரு செய்தி வந்தது. மறுநாள் பத்து மணிக்குச் சேலத்தில் நாமக்கல் பஸ் ஏறி, டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட்டில் தனியாக உட்கார வேண்டும். அவ்வளவுதான்.

எனக்குப் பயமாகவும் இருந்தது, சந்தேகமாகவும் இருந்தது. எங்கள் நிகழ்ச்சியைக் கெடுக்க யாராவது வலை விரிக்கிறார்களோ என்று நினைத்தேன். ஒரு சாதாரணப் பெண் இவ்வளவு திட்டம் போடுவாளா? பஸ் ஏறுமுன் என் கணவருக்குப் போன் செய்து வண்டி எண்ணைச் சொன்னேன். ஏன் என்று கேட்டார். சும்மா என்றேன்.

ராசிபுரத்தில் ஏறிய கூட்டத்தில் முப்பது வயதுப் பெண் ஒருத்தி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். நெய்க் கடையில் வேலை செய்பவள் என்று பிறகு சொன்னாள். அவள் பையிலிருந்தும் முந்தானையிலிருந்தும் நெய் மணந்தது. பஸ் ஊரைத் தாண்டும்வரை வாயைத் திறக்கவில்லை.

பிறகு முன்சீட்டைப் பார்த்துக்கொண்டே, "நீங்க அவரோட ஆளுங்களா?" என்றாள்.

"யாரோட ஆள்?"

"உங்ககிட்டப் பேசறாரே, அந்த அய்யா."

"அவரைப் பேட்டி எடுக்கிறேன். அவ்வளவுதான்."

"நம்பர் கேட்டாருங்களா?"

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். "கேட்டார். குடுக்கலை."

அவள் மூச்சை விட்டாள். அதன்பின் தடங்கல் இல்லாமல் சொன்னாள். எட்டு மாதம் முன்பு அவளுடைய அக்கா மகளுக்குப் பனமரத்துப்பட்டியில் காதுகுத்து. கணவனும் அவளும் காலையிலிருந்தே அங்கே இருந்தார்கள். மதியம் பந்தி முடிந்து அவன் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தபோது முதலாளியிடமிருந்து போன். ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகள் வைத்திருப்பவர். உடனே வா என்றார். அவன் மனைவி, பிள்ளைகளோடு நேராக அந்த வீட்டுக்குப் போனான். இவளைச் சமையலறைப் பக்கம் உட்காரச் சொல்லிவிட்டு, முன்அறையில் அவனுக்கு ஒருவர் பாடம் சொல்லிக்கொடுத்தார். எத்தனை வேகத்தில் வந்தாய், சைக்கிள் எந்தப் பக்கமிருந்து குறுக்கே வந்தது, யார் கேட்டாலும் எந்த வார்த்தைக்கு மேல் பேசக்கூடாது என்று.

"அந்தக் குரலக் கதவுக்குப் பின்னால இருந்து கேட்டனுங்க. போன மாசம் நெய்க் கடையில ஒருத்தரு போன்ல உங்க நிகழ்ச்சியப் பாத்துட்டு இருந்தாரு. அதே குரலு. ஊருக்கே ஞாயம் சொல்லிட்டு இருக்காரு."

"தெரிஞ்சே அவருக்கு அனுப்புனியா?"

"ஆமாங்க. மூடுன கதவுக்குள்ள சொன்னத, ஊரு பாக்கச் சொல்றாரான்னு பாக்கோணும்னு இருந்துச்சு."

அவர் என்ன பதில் சொன்னார் என்று கேட்டாள். சொன்னேன். அவள் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். நாமக்கல்லில் இறங்கினோம்.

அங்கே எனக்குத் தெரிந்த பெண் வக்கீல் ஒருவரிடம் அழைத்துப் போனேன். காதுகுத்துப் படங்களை அவர் பார்த்தார். இது போதாது, போன் எங்கே இருந்தது என்ற விவரமும் வேண்டும், அதைவிட முக்கியம் கணவனே வாய் திறக்க வேண்டும் என்றார். "அவரு தொறக்க மாட்டாருங்க" என்றாள் அவள். "முதலாளி கைவிட மாட்டாரு, அந்த அய்யா சொன்னதுல ஓட்டையே இல்லேன்னு நம்பிட்டு இருக்காரு."

திரும்பி வரும்போது எனக்கு ஒரு யோசனை தோன்றியது. நல்ல யோசனைதானா என்று இன்றுவரை எனக்குச் சந்தேகம் உண்டு. அடுத்த பதிவில், கள்ளச்சாவி, காணாமல்போன பைக் பற்றிய கேள்விகளுக்கு நடுவே ஒரு கேள்வியைச் செருகினேன்.

"ஓட்டினது ஒருத்தர், சரணடைஞ்சது இன்னொருத்தர்னா போலீஸ் எப்படி சார் கண்டுபிடிப்பாங்க?"

அவருக்குத் தன் வேலையைப் பற்றிப் பேசுவதில் பெருமை உண்டு. சீட்டு எவ்வளவு தூரம் தள்ளியிருந்தது, ஸ்டியரிங்கில் யார் கைரேகை, போன் அந்த நேரத்தில் எந்த டவரில் நின்றது என்று விரல்விட்டுச் சொன்னார். "உண்மையிலே பாக்கணும்னு நெனச்சா அரை நாள் வேலைம்மா."

"மாட்டிக்கிட்டா, ஆளை அனுப்பின முதலாளி என்ன சொல்வார்?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது, டிரைவர்தான் ஏமாத்திட்டான்னு சொல்வார். நான் பாத்த அத்தனை பேரும் அப்படித்தான் சொல்லியிருக்காங்க."

சொல்லி முடித்ததும் தண்ணீர் எடுத்துக் குடித்தார். டம்ளரின் விளிம்புக்கு மேலாக என்னைப் பார்த்தார். அந்தப் பகுதியை வெட்டச் சொல்வார் என்று காத்திருந்தேன். சொல்லவில்லை.

நிகழ்ச்சி வெளியான அன்றே அவள் அதைக் கணவனிடம் காட்டியிருக்கிறாள். அவன் இரண்டு முறை பார்த்தானாம். போனை மேசைமேல் கவிழ்த்து வைத்துவிட்டு வெளியே போனவன் இருட்டிய பிறகுதான் வீட்டுக்கு வந்தான். ஒரு வாரம் அவளோடு பேசவில்லை. வாய்தாவுக்கு முந்தின நாள், "அந்த வக்கீலம்மா ஊடு எங்க?" என்று கேட்டான்.

கோர்ட்டில் அவன் குற்றத்தை ஒத்துக்கொள்ளவில்லை. வக்கீல் மனுப் போட்டார். போன் விவரம் வந்தது. விபத்து நடந்த நேரத்தில் அது பனமரத்துப்பட்டியில்தான் இருந்திருக்கிறது. மறுவிசாரணைக்கு உத்தரவாகி, அந்த மகன் பெயர் வழக்கில் சேர்ந்தது. இவன் பொய் சொன்னதற்கும் தனியாக ஒரு வழக்கு உண்டு. அது நடந்துகொண்டிருக்கிறது. வேலை போய்விட்டது. இப்போது கோழித்தீவன லாரி ஓட்டுகிறான். முதலாளி, "டிரைவர் எங்களை ஏமாத்திட்டான்" என்று எழுதிக் கொடுத்தாராம்.

உத்தரவு வந்த வாரம் ஆய்வாளர் எனக்குப் போன் செய்தார்.

"யார் சொல்லி அந்தக் கேள்வியக் கேட்டேம்மா?"

"நேயர் கேள்வி சார்."

"சரிம்மா."

அதன்பின் அவர் எங்கள் அலுவலகப் படி ஏறவில்லை. கேமராக்காரரிடம் உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினார். அவர் தெரியாமல் மாட்டிக்கொண்டாரா, தெரிந்தேதான் அந்த வழியைக் காட்டிக்கொடுத்தாரா என்று எனக்குப் புரியவில்லை. அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னபோது, "அவருக்கு நல்ல பேரு வாங்கித் தராதீங்கக்கா" என்றாள். அவள் சொன்னது சரியாகவும் இருக்கலாம்.

இறந்தவரின் மனைவியை அவள் ஒரு நாள் நெய்க் கடை வாசலில் பார்த்திருக்கிறாள். அந்த அம்மா மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. "முன்னாடியே சொல்லியிருக்கலாமே, எட்டு மாசம் தப்பான ஆளையில்ல சபிச்சுட்டு இருந்தேன்" என்று சொல்லி அழுதிருக்கிறார். இவளும் நின்று அழுதிருக்கிறாள்.

பழைய நிகழ்ச்சிகளை ஒவ்வொன்றாக எடுத்து இப்போது மறுபடி கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் சொன்ன யோசனைகளில் எத்தனையைக் கேட்டு யார் யார் வாயை மூடிக்கொண்டார்களோ தெரியாது. சிலரின் எண்கள் இன்னும் என்னிடம் இருக்கின்றன. நேற்று மூன்று பேருக்கு அழைத்தேன். இரண்டு பேர் எடுக்கவில்லை. எடுத்த ஒருத்தர், நான் யார் என்று சொன்னதும், "எங்களுக்கு ஒண்ணும் பிரச்சனை இல்லீங்க" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.