கம்பிக் கதவுக்கு முன்னால் வள்ளிநாயகி அக்கா

பினாங்குப் பாலத்தைத் தூண்கள் தாங்குகின்றன என்று நம்புகிறவர்களுக்கு வள்ளிநாயகி அக்காவைத் தெரியாது. அவர் ஒரு மனு தட்டச்சடித்தால் கடலே ஓரம் ஒதுங்கி, "மொதல்ல நீங்க போங்கம்மா" என்று வழிவிடும். சுங்கை பினாங் அடுக்குமாடியில் வயதானவர் யாருக்காவது பென்ஷன் நின்றாலும், வீட்டில் சோறு நின்றாலும், அக்காவின் தட்டச்சுப் பொறி இரையத் தொடங்கிவிடும்.

அப்பேர்ப்பட்டவர் 1986இல் ஒரு பூட்டின் முன்னால் விழித்துக்கொண்டு நின்றார்.

மூன்றாம் மாடி சின்னையாவுக்கு எழுபத்தெட்டு வயது. துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்ந்தவர். அவருடைய தங்கை மகன் பக்கிரிசாமி, பாயான் லெப்பாஸ் தொழிற்சாலை பஸ்ஸைப் பிடிக்கப் போகும்போது கம்பிக் கதவை வெளியே பூட்டிச் சாவியையும் கொண்டுபோய்விடுவார். சாயங்காலம் வரை பெரியவர் உள்ளேதான்.

"தீப்பிடிச்சா என்ன செய்வீங்க தம்பி? அவரு மனுசனா, கோழியா?" என்று அக்கா பிடித்துக்கொண்டார்.

"மூணு தடவ காணாமப் போயிட்டாருக்கா. மூணு தடவயும் ஃபெர்ரி ஏறி அந்தக் கரைக்குப் போயிட்டாரு, பட்டர்வொர்த்துல போலீஸ்காரன் உக்கார வச்சிருந்தான். நாளைக்குக் கடல்ல விழுந்தா யாருக்கு மனு எழுதுவீங்க? சொல்லுங்க லா."

அக்கா வீட்டுக்குத் திரும்பித் தட்டச்சுப் பொறியின் முன் உட்கார்ந்தார். பூட்டினால் சிறை, திறந்தால் கடல். 'பூட்டைத் திறக்க வேண்டும்' என்று ஒரு தாள் அடித்தார். 'பெரியவருக்குப் பாதுகாப்பு வேண்டும்' என்று இன்னொன்று. இரண்டும் சரியாக இருந்தன. இரண்டும் தப்பாகவும் இருந்தன. இரண்டு நாள் குழம்பில் உப்பில்லை.

மூன்றாம் நாள்தான் உறைத்தது, சம்பந்தப்பட்ட ஆளை யாருமே கேட்கவில்லை என்று. போய்க் கம்பிக் கதவின் முன் தரையில் உட்கார்ந்தார்.

"ஐயா, ஃபெர்ரியில ஏறுறீங்களே, வீட்டுக்கு வழி மறந்துபோகுதா?"

"வழியா? நாப்பது வருசம் அந்தத் தண்ணி ஓரம் கெடந்தவன்மா நான். காத்து வாங்கப் போறேன். போறப்போ சும்மா ஏத்துறான். அந்தக் கரையில திரும்பி ஏறத்தான் காசு கேக்குறான். கையில ஏது? அங்கனயே குந்திட்டேன்."

"பக்கிரிகிட்ட சொல்லக்கூடாதா?"

"சில்லறைக்கு அவன்கிட்ட கையேந்தவா? வழி தெரியாதவன்னே நெனைக்கட்டும்."

அன்று சாயங்காலமே அக்கா பக்கிரிசாமியிடம் விஷயத்தைப் போட்டு உடைத்தார்.

பக்கிரிசாமி அரை மனதோடு இறங்கிவந்தார். மாற்றுச் சாவி பக்கத்து வீட்டு மலாய்க்கார அம்மா சித்தி ஹாஜராவிடம். திரும்பி வரும் காசு பெரியவர் சட்டைப்பையில். ஒரு தடவை சாயங்காலத்துக்குள் திரும்பத் தவறினாலும் பழையபடி பூட்டு. பெரியவரும் ஒரு நிபந்தனை போட்டார்: "என் பின்னால ஒருத்தரும் வரக்கூடாது." அக்கா சத்தியம் செய்தார்.

புதன்கிழமை பெரியவர் கிளம்பினார். நாலரைக்கு அக்கா ஃபெர்ரி முனையத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றார். பின்தொடரவில்லை, முன்னாலேயே வந்துவிட்டேன் என்று தமக்கே சமாதானம். ஒரு ஃபெர்ரி வந்தது, இல்லை. இன்னொன்று, அதிலும் இல்லை. திறந்துவிட்டது தப்போ? பூட்டியே இருந்திருக்கலாமோ? மூன்றாவதில், சைக்கிள்காரர்களுக்கு நடுவே, தலை கலைந்து, ராஜா மாதிரி நடந்து வந்தார் சின்னையா.

அக்கா அவர் கண்ணில் படாமல் சட்டென்று பின்வாங்கினார். அடுத்த தூணின் பின்னால் இதை எழுதுகிறவன், அப்போது அதே அடுக்குமாடிப் பொடியன், மூக்கை உறிஞ்சிக்கொண்டு நின்றான்.

"நீ எங்கடா இங்க?"

"சும்மா… மீன் புடிக்க வந்தேன்க்கா."

"தூண்டில் எங்கடா?"