ஏரி உள்வாய்க்கு அடித்த பச்சை

நாட்டில் எங்கெங்கே என்னென்ன தானாக முளைக்கிறது என்று வகை பிரித்து வரைபடம் போடும் வேலையில் ஆறு வருஷம் இருந்தேன். கேட்பவர்களுக்கு ஏதோ வனவிஹாரம் போல இனிக்கும். எனக்கோ நினைத்தாலே இன்றும் முழங்கால் வலிக்கிறது. சின்ன காஞ்சிபுரத்தில் எங்கள் வீட்டில் எல்லோரும் பாடம் சொல்லிப் பிழைத்தவர்கள். நான் ஒருவன்தான் முள் மிதித்துப் பிழைத்தேன்.

வேலை இதுதான். ஓர் இடத்துக்குப் போய்ச் சங்கிலி போட்டு அளந்து, அங்கே நிற்கும் மரம் செடிகளைக் குறிக்க வேண்டும். பிறகு ஒரே கேள்வி: இது இயற்கையா, மனிதர் வைத்ததா? இயற்கை என்றால் படத்தில் பச்சை. வைத்தது என்றால் மஞ்சள். பச்சை அடித்த இடம் காடு, காடென்றால் சர்க்காருக்கு. மஞ்சள் அடித்த இடத்தில் வைத்தவர்களின் பாத்தியதைக்குக் குறை வராது. எங்கள் துரையோ கொக்குக்கு ஒன்றே மதி என்கிற ரகம். இரண்டு வர்ணத்துக்கும் நடுவே எதுவும் இருக்கலாம் என்று அவரிடம் பேசவே முடியாது.

ஒரு பங்குனியில் தென்னேரிக்குப் போனேன். ஏரி வற்றியிருந்தது. தண்ணீர் நிற்கிற உள்வாய் முழுக்கக் கருவேல மரம். வெயிலில் நடக்க ஆரம்பித்து அன்றைக்கு எட்டாம் நாள். கூட வந்த சங்கிலி ஆட்கள் இருவரும் நிழல் கண்ட இடத்தில் படுத்துவிட்டார்கள். அவர்களை எழுப்பக்கூட எனக்குத் தெம்பில்லை.

அங்கே ஒரு பெண் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தாள். நாற்பது வயதிருக்கும், பக்கத்துச் சேரிக்காரி. என்னைக் கண்டதும் பத்தடி தள்ளி நின்றாள். அந்தப் பத்தடி அப்போது என்னை உறுத்தவே இல்லை என்பதையும் எழுதித்தான் ஆக வேண்டும். கோடை முழுக்க அந்தக் கருவேலங்காய் காய்ந்து உதிரும் நெத்துதான் அவள் ஆடுகளுக்குத் தீனி. உதிரும் சுள்ளிதான் அவள் தெருவில் அத்தனை அடுப்புக்கும் விறகு. அவளே சொன்னாள்.

"இந்த மரமெல்லாம் யார் வச்சது?" என்று கேட்டேன்.

"யாரும் வைக்கல சாமி. ஆடு நெத்தத் துன்னுது, புழுக்கை போடுது. மழை வந்தா மொளைச்சுக்கினு வருது."

"மனுஷா யாரும் விதைக்கலையே?"

"இல்ல சாமி. எதுக்கு எழுதறே?"

"ஒண்ணுமில்லை, படம் போடறதுக்கு" என்றேன்.

மரங்கள் திட்டுத்திட்டாக நின்றன. ஒரு திட்டில் எல்லாம் ஆளுயரம். அடுத்ததில் எல்லாம் அதற்கு இரு மடங்கு. தானாக வந்த காடு அப்படி நிற்காது. அது என் கண்ணில் பட்டது. இன்னும் ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்டால் திட்டுத்திட்டாக மறுபடி அளக்க வேண்டும். இரண்டு நாள் கூடப் பிடிக்கும். 'இயற்கை' என்று எழுதிக் காகிதத்தை மடித்தேன். ஆபீசில் அந்த உள்வாய்க்குப் பச்சை அடித்தவனும் நானே.

அடுத்த வருஷக் கடைசியில் வேறொரு அளவைக்காக அந்தப் பக்கம் போக நேர்ந்தது. உள்வாயில் பலகை நட்டு ஒரு காவல்காரனை வைத்திருந்தார்கள். உள்ளே நுழைந்த ஆடுகளைப் பிடித்துக்கொண்டு போய், அபராதம் கட்டினால்தான் விடுகிற பவுண்டுப் பட்டியில் அடைத்தார்களாம். எய்தவன் இருக்க அம்பை நோவானேன் என்று மனசைத் தேற்றிக்கொண்டு கரையோடு நடந்தேன். மனசு தேறவில்லை. கரை உடைப்பை அடைக்க மண் சுமந்துகொண்டிருந்த பெண்களில் அவளும் இருந்தாள். ஆடுகள் என்ன ஆயின என்று கேட்டேன். தீனி இல்லாமல் எல்லாவற்றையும் விற்றுவிட்டாளாம்.

"நீதானே ஆடு போட்டு முளைச்சதுன்னு சொன்னே?" என்றேன். என் மேல் பழி வராமல் இருக்கத்தான் கேட்டேன், வெட்கமாகத்தான் இருக்கிறது.

அவள் கூடையை இறக்கவில்லை. கோபமும் படவில்லை.

"சொன்னேன் சாமி. மரம் வரணும்னு நெத்தப் போட்டு, வருசா வருசம் எடம் மாத்தி அந்த ஆட்டை அங்க பட்டி போட்டு மடக்கினது யாருன்னு நீ கேக்கலியே."

கேட்கவில்லைதான். அன்றைக்கு எனக்கு அலுப்பாக இருந்தது என்பதைத் தலையில் மண் சுமந்து நிற்பவளிடம் எப்படிச் சொல்வது?