முன்கையில் ஊதா எழுத்து

கடந்த வெள்ளிக்கிழமை காலை, உளுந்தூர்பேட்டையில் மகன் வீட்டில் இருந்தபோது டாக்டரின் மகள் போன் செய்தார். “அப்பா போயிட்டாருங்க சிஸ்டர். தூக்கத்துலயே.” எனக்கு உடனே அழுகை வரவில்லை. கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏறி டிக்கெட் வாங்கிய பிறகுதான் வந்தது.

டாக்டர் தணிகாசலம் என்றால் ஊரில் பலருக்குத் தெரியாது. ‘மிலிட்டரி டாக்டர்’ என்றால் எந்த ஆட்டோக்காரரும் வாசலில் இறக்கிவிடுவார். எழுபத்தொன்றாம் ஆண்டுப் போரில் எல்லையோரக் கூடாரத்தில் கேப்டனாக வைத்தியம் பார்த்தவர். பட்டாளத்தை விட்டு வந்து கச்சிராயபாளையம் சாலையில் இரண்டு அறை பிடித்து கிளினிக் வைத்தார். அங்கே நான் நர்ஸ். வேலை கேட்டுப் போன அன்று அவர் கேட்டது ஒன்றுதான். “ரத்தத்தைப் பாத்தா மயக்கம் வருமா?” “வராது சார்.” “எனக்கு வரும். சமாளிச்சிகினு இருக்கேன்.” அதை வேடிக்கையாகச் சொன்னாரா, நிஜமாகவா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

போர்முனைப் பழக்கம் ஒன்று அவரை விடவே இல்லை. ஊசி போட்டால் மருந்தின் பெயரையும் நேரத்தையும் நோயாளியின் முன்கையிலேயே எழுதிவிடுவார். வாய்ப்புண்ணுக்குத் தடவும் ஊதா மருந்தில் தீக்குச்சியைத் தோய்த்து எழுதுவார். “சீட்டு தொலையும் ஷம்ஷாத். கை எங்க போவும்?” என்பார். அரிசி மில் முதலாளி ஒருவர், “இன்னா டாக்டர், மாட்டுக்குச் சூடு போடற மாதிரி போட்டுட்டீங்க?” என்று சண்டைக்கே வந்துவிட்டார். “சண்டை போடற அளவுக்குத் தேறிட்டீங்க இல்ல, போய் மில்லைப் பாருங்க” என்று அனுப்பிவைத்தார்.

செவ்வாய்தோறும் வைத்தியம் பார்க்க ஜீப்பில் வெள்ளிமலை போவார். மலையில் அந்த எழுத்துக்குத் தனி மரியாதை. குளிக்கும்போதுகூட அந்தக் கையை நனைக்க மாட்டார்கள். அதைச் சொல்லி நானும் டாக்டரும் சிரித்திருக்கிறோம். அதில் ஆபத்து இருப்பதாக இருவருக்குமே தோன்றவில்லை.

ஓர் ஆடி மாதப் புதன்கிழமை. டாக்டர் ஒரு வீட்டுக்கு நோயாளியைப் பார்க்கப் போயிருந்தார். கிளினிக்கில் கால் வைக்க இடமில்லை. மலையிலிருந்து சின்னப்பொண்ணு என்ற அம்மா, மகளை நடத்திக்கொண்டு, நாலு வயது மகனை இடுப்பில் சுமந்து வந்தார். மலேரியா ஊசி முந்தின நாள் போட்டதாக இரண்டு பிள்ளைகளின் கையிலும் ஊதா எழுத்து. அடுத்த ஊசிக்கு மாலைவரை நேரம் இருந்தது.

“பையன் சுருண்டுகினு கெடக்கான்மா.”

“ஊசி போட்டாச்சில்ல, எறங்கும். வெளிய உக்காரு.”

மகளுக்குக் காய்ச்சல் பார்த்தேன். மகனைத் தொடக்கூட இல்லை. சீட்டில் அவன் பெயருக்கு நேரே ‘நூறு’ என்று எழுதிவைத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து வந்த டாக்டர் பையனைப் பார்த்ததும் நின்றுவிட்டார். “ஜுரம் பாத்தியா?”

“பாத்தேன் சார். நூறு.”

அவரே தெர்மாமீட்டர் வைத்தார். நூற்றைந்து. ஈரப்பஞ்சால் பையனின் கையைத் துடைத்தார். எழுத்து மொத்தமாகப் பஞ்சோடு வந்துவிட்டது. ஊதா மருந்து அப்படிப் போகாது. அது நாவற்பழச் சாறு. முந்தின நாள் மலையில் அவர் மகளுக்கு மட்டும்தான் ஊசி போட்டிருந்தார். “அக்காளுக்கு எழுதுனதும் ஜுரம் எறங்கிச்சி சாமி. ராவுலருந்து இவனுக்கும் கொதிக்குது. அதே மாதிரி நானே எழுதிட்டேன்” என்றார் சின்னப்பொண்ணு. படிக்கத் தெரியாத அந்தக் கை, ஒரு சுழிகூடப் பிசகாமல் எழுதியிருந்தது.

டாக்டர் அவனுக்கு உடனே ஊசி போட்டார். சாயங்காலம்தான் பையன் கண் திறந்தான். அதுவரை டாக்டர் அவன் பக்கத்தை விட்டு நகரவில்லை.

“எம்புள்ளைய ஏன் சாமி அவ்ளோ நேரம் வெளிய போட்டாங்க?” என்று சின்னப்பொண்ணு கேட்டார். டாக்டர் கைகூப்பினார். “தப்பு என்னுதும்மா. எழுதுனது இன்னான்னு உங்களுக்குச் சொல்லாம வந்தேன் பாரு. வேற யார் மேலயும் தப்பில்ல.”

என்னை அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் முதலில் வந்த குழந்தையைக் காட்டி, “ஜுரம் பாரு ஷம்ஷாத்” என்றார். நான் சொன்ன எண்ணை அப்படியே எழுதிக்கொண்டார். தொட்டுச் சரிபார்க்கவில்லை. திட்டியிருந்தால் நாலு நாளில் மறந்திருப்பேன். அதற்குப் பிறகு, பார்க்காத காய்ச்சலை நான் எழுதியதில்லை. ஆனால் அன்று சொன்ன பொய்யை அவரிடம் ஒத்துக்கொள்ளவும் இல்லை. நாளை நாளை என்றே வருடங்கள் ஓடிவிட்டன.

வெள்ளிக்கிழமை அவர் வீட்டுக் கூடத்தில், மாலைகளுக்கு நடுவே அவரைப் படுக்கவைத்திருந்தார்கள். சின்னப்பொண்ணு வந்திருந்தார். தலை முழுக்க நரை. சுற்றி நின்றவர்களிடம், “எம்புள்ள விசயத்துல தப்பு பண்ணிட்டேன்னு எங்கிட்டயே கையெடுத்துக் கும்பிட்டாரு. எந்த டாக்டரு அப்படிச் செய்வாரு?” என்று சொல்லி அழுதுகொண்டிருந்தார்.

எனக்குப் பொறுக்கவில்லை. “அது அவர் தப்பு இல்லம்மா. என்னுது. ஒம்மவனுக்கு நான் ஜுரமே பாக்கல. பாத்தேன்னு பொய் சொன்னேன்.”

அவர் என்னைப் பார்த்தார். திரும்பிக் குனிந்து, டாக்டரின் காலைத் தொட்டு, “ஒந்தப்பு இல்லியாம் சாமி. இந்தம்மாவே சொல்லிட்டாங்க” என்றார்.

பிறகு நகர்ந்து எனக்கு இடம் விட்டார்.

நான் கிட்டே போனேன். “அன்னிக்கு நான் பாக்கல சார்” என்றேன். அவருக்குத் தெரிந்த விஷயம்தான். போய் வாருங்கள் டாக்டர்.