அம்புக்குறி காட்டிய வீடு

சுற்றுலா இடத்தைக் காட்டும் பலகையை வண்டி திரும்பவேண்டிய முனைக்கு முன்பாக, யார் வீட்டு வாசலிலும் படாமல் நடவேண்டும் என்பது விதி. பழவேற்காட்டில் எங்கள் தெருவில் முனையைத் தாண்டி, எதிர்வீட்டு வாசலில் நட்டார்கள். ‘டச்சுக் கல்லறை’ என்ற எழுத்துக்கு அடியில் இருந்த அம்பு நேராக அவர்கள் கூடத்துக்குள் போயிற்று.

பார்க்க வேறு எதுவும் இல்லாத தெரு அல்ல. ஒரு கோடியில் பழைய பள்ளிவாசல், மறுகோடியில் மாதா கோயில், நடுவே அம்மன். தமிழில் பேரம் பேசி, தெலுங்கில் திட்டி, உருதுவில் சமாதானமாவார்கள். ஞாயிறுதோறும் சென்னையிலிருந்து வந்தவர்கள் இதையெல்லாம் விட்டுவிட்டு எதிர்வீட்டைப் படமெடுத்தார்கள்.

அந்த வீட்டுக்காரர் ஏரியில் மீன் பிடிப்பவர். அவர் மனைவி என்னிடம் வந்தார்.

“ஷூ காலோட உள்ள வரானுங்க சார். கட்டில்ல படுத்துக்கினு இருந்த மாமியாரக் காட்டி, இதுதானான்னு கேக்கறான் ஒருத்தன். வர்ற ஞாயித்துக்கெழம பொண்ணு பாக்க வராங்க. கும்மிடிப்பூண்டி கம்பெனில வேல செய்யற பையன். இத்த எடுத்துக் குடுங்க.”

“நானே புடுங்கிடறேன்” என்றார் கணவர்.

“அது அரசுச் சொத்து. மனுதான் போடணும்” என்றேன். அலுவலகக் கண்காணிப்பாளராக ஓய்வு பெற்றவன் நான். நானே எழுதி, ஒப்புகை அட்டையுடன் பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

“சார் இருக்கறவரிக்கும் பலகையும் இருக்கும்” என்றார் அந்த அம்மாள்.

ஞாயிற்றுக்கிழமை முதலில் ஒரு வேன் வந்தது. நல்ல உடுப்பில் பெரியவர்கள், பிள்ளைகள். வீட்டுக்காரர் கும்பிட்டு உட்காரவைத்தார். கேசரியும் பஜ்ஜியும் போயின. பெண் காபி கொண்டுவந்தாள். வந்தவர்கள் அவளிடம் டச்சுக்காரர்களைப் பற்றி விசாரித்தார்கள்.

அப்போது ஆட்டோவில் பூத்தட்டோடு இன்னொரு கூட்டம் இறங்கியது. மாப்பிள்ளை வீட்டார் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருப்பதாக நம்பிய வீட்டுக்காரர், பழக்க தோஷத்தில், “கல்லறைதான? பின்னால போங்க” என்று அவர்களை அனுப்பிவிட்டார்.

ஆளை மாற்றி அனுப்பியது தெரிந்ததும் அவர் மனைவி தலையில் கைவைத்து உட்கார்ந்தார். சம்பந்தம் போயிற்று என்றே நானும் நினைத்தேன். சற்று நேரத்தில் காலித்தட்டோடு மாப்பிள்ளையின் தாயார் திரும்பி வந்தார்.

“பெரியவங்களக் கும்பிட்டுத்தான் உள்ள வரணும்னு வெச்சிகிறீங்களே, நல்ல பழக்கம். உங்க தாத்தா எதுன்னு தெரில. எல்லாத்துக்கும் ஒரு பூ வெச்சிட்டேன்.”

யாரும் திருத்தவில்லை. அன்றே தட்டு மாற்றினார்கள். மீதமிருந்த பஜ்ஜியோடு வேன்காரர்களும் இருந்து வாழ்த்தினார்கள்.

பலகை காட்டும் இடத்துக்குப் பொதுமக்கள் தவறாமல் செல்வது ஆய்வில் உறுதியானதால் மனு முடித்துவைக்கப்படுகிறது என்று எனக்குப் பதில் வந்தது, அந்தப் பெண்ணுக்கு வளைகாப்பு நடந்த அன்று.