திரையில் இரண்டாவது வரி

திருமானூரில் போய் சகாய பிரியா கடை எங்கே என்று கேட்டால் பாதிப் பேர் முழிப்பார்கள். விண்டோஸ் போடுற அக்கா என்று கேளுங்கள், பஸ் ஸ்டாப்பில் பூ கட்டுகிற அம்மாகூட உரக்கடையை ஒட்டிய சந்துப் பக்கம் கை காட்டும். சந்துக்குள் ஒற்றை அறை. ஒரு மேஜை, சத்தம் மட்டும் தருகிற ஒரு மின்விசிறி, சுவரில் மாதா படம், ஆணியில் வரிசையாகத் தொங்கும் பென்டிரைவ்கள். அவ்வளவுதான் கடை.

ஏலாக்குறிச்சிக்காரி. அப்பா சவரிமுத்து குத்தகைக்கு நெல் போட்டவர். வயிற்றைக் கட்டி மகளைப் பெரம்பலூரில் பாலிடெக்னிக் படிக்க வைத்தார். படித்து முடித்து ரெட்டிபாளையம் பக்கம் சிமெண்ட் லாரிகளுக்குச் சீட்டு அடிக்கிற ஒரு காண்டிராக்டர் ஆபீஸில் சேர்ந்தாள். காண்டிராக்ட் கைமாறியதும் வந்தவன் தன் கொழுந்தியாளைக் கொண்டுவந்து அந்த நாற்காலியில் உட்கார வைத்துவிட்டான். நடுவில் கல்யாணம் ஒன்று நடந்தது, சரிப்பட்டு வரவில்லை. அதைப் பற்றி அவளே வாய் திறப்பதில்லை, நமக்கெதற்கு.

அவளைத் தூக்கி நிறுத்தியது ப்ளஸ் டூ பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுத்த லேப்டாப்தான். வீட்டுக்கு ஒன்று வந்து இறங்கியது. கூரை ஒழுகுகிற வீட்டிலும் லேப்டாப் இருந்தது. கொஞ்ச நாளில் எல்லாவற்றுக்கும் ஒரே வியாதி. ஊர்ப்பட்ட பென்டிரைவைச் செருகி, வைரஸ் ஏறி, திறக்கவே பொழுது விடிந்துவிடும். யார் போய் சரி செய்வது? பிரியா ஒரு பென்டிரைவில் விண்டோஸை ஏற்றிக்கொண்டு வீடு வீடாகப் போக ஆரம்பித்தாள். பென்டிரைவைச் செருகுவாள், ஆன் செய்த கையோடு ஒரு பொத்தானைத் தட்டிக்கொண்டே இருப்பாள், மெஷின் தன் வயிற்றுக்குள் இருப்பதை விட்டுவிட்டு பென்டிரைவிலிருந்து எழுந்திருக்கும். பழசைத் துடைத்துப் புதுசைப் போட்டுவிட்டு வருவாள். அப்படிச் சேர்ந்த பெயர்தான் கடையானது.

அந்த லேப்டாப்பில் ஒரு விசேஷம் உண்டு. அதற்குள் இரண்டு சிஸ்டம் இருக்கும். ஆன் செய்தால் திரையில் இரண்டு வரி வந்து நிற்கும். மேல் வரி விண்டோஸ், கீழ் வரி லினக்ஸ். கீழ் வரியை யாரும் சீண்டியதில்லை. சினிமா ஓடாது, கேம் ஓடாது, நமக்கு எதற்கு இது என்று விட்டுவிட்டார்கள். விண்டோஸுக்குள் நுழைந்துவிட்டால் அந்த லினக்ஸ் குடியிருக்கும் இடம் கண்ணுக்கே தெரியாது. அதனால் மெக்கானிக்குகள் எல்லாரும் ஒரு பழக்கம் வைத்திருந்தார்கள்: விண்டோஸ் போடும்போதே லினக்ஸை அழித்து அந்த இடத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுவது. வாடிக்கையாளருக்கு இடம் கூடும், சந்தோஷப்படுவார். பிரியாவும் அப்படித்தான். எத்தனை அழித்திருப்பாளோ, அந்த மாதாவுக்குத்தான் வெளிச்சம். ஒன்றையாவது திறந்து பார்த்திருப்பாளா என்றால், இல்லை.

ஆனால் போட்டோ விஷயத்தில் அவள் படு கெட்டி. கல்யாண போட்டோ, காதுகுத்து போட்டோ, செத்தவர்களின் போட்டோ, எதுவாக இருந்தாலும் முதலில் தன் ஹார்ட் டிஸ்கில் நகல் எடுப்பாள், கொண்டுவந்தவரையே உட்கார வைத்துத் திறந்து பார்க்கச் சொல்வாள், அப்புறம்தான் கை வைப்பாள். கடை வைத்த நாளாக ஒரு வீட்டுப் படமும் அவள் கையில் தொலைந்ததில்லை. அரியலூரில் பெரிய கடைகள் இருந்தும் ஜனங்கள் இந்தச் சந்துக்குள் வந்தது அதற்காகத்தான். அந்தப் பெயர் ஒன்றுதான் அவளிடம் சொத்து என்று இருந்தது.

போன மாசியில் வெற்றிச்செல்வி என்ற பெண் ஒரு பழைய லேப்டாப்பைக் கொண்டுவந்து வைத்தாள். அரியலூரில் கல்லூரி கடைசி வருஷம். அவள் ப்ளஸ் டூ படித்த வருஷம் லேப்டாப் கொடுக்கவில்லை. இது அவளுடைய அண்ணன் அறிவரசனுடையது. அண்ணன் இல்லை. லேப்டாப் வாங்கிய மறு வருஷமே அரியலூர் ரோட்டில் சுண்ணாம்புக்கல் லாரியில் மாட்டிக்கொண்டான். இத்தனை வருஷம் அப்பா அதைத் துணி சுற்றிப் பரணில் வைத்திருந்தாராம். ப்ராஜெக்ட் அடிக்க வேண்டும் என்று மன்றாடிக் கேட்டு வாங்கியிருக்கிறாள். ஆன் ஆக அரை நாள் ஆகிறது, போல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிக் கிடக்கிறது, அண்ணன் போட்டோ மட்டும் பத்திரம் அக்கா என்றாள்.

செத்த பிள்ளையின் பொருள் என்றதும் பிரியா கூடுதல் கவனமாகத்தான் இருந்தாள். இதை நான் அழுத்திச் சொல்கிறேன், ஏனென்றால் பிறகு அவள் தன்னையே திட்டிக்கொண்டபோது இது அவளுக்கு ஞாபகம் வரவில்லை. சி டிரைவில் கிடந்தது, டி டிரைவில் கிடந்தது, ஒன்று விடாமல் நகல் எடுத்தாள். செல்வியை உட்கார வைத்து ஒவ்வொன்றாகத் திறக்க வைத்தாள். பள்ளிக்கூட ஆண்டு விழாவில் எடுத்தது, பைக் மேல் சாய்ந்து நின்றது, இறந்தபோது பேனர் அடித்த படம். எல்லாம் இருக்குக்கா என்று செல்வி சொன்ன பிறகுதான் பென்டிரைவைச் செருகினாள்.

நீலத் திரையில் டிஸ்கின் பாகங்கள் வரிசையாக வந்தன. அங்கே சி, டி என்று பேரெல்லாம் இருக்காது. அளவு மட்டும்தான் தெரியும். லினக்ஸ் இருந்த பாகத்தைப் பார்த்தாள், டெலிட் என்று தட்டினாள். கை தானாகப் போனது. வைரஸ் பிடித்த டிஸ்க் என்பதால் மிச்சத்தையும் துடைத்துப் புதிதாக இரண்டு பாகம் பிரித்து, விண்டோஸ் ஏற்றி, போட்டோக்களைத் திரும்ப உள்ளே நகல் போட்டாள். இனிமே ரெண்டு வரி கேட்டு நிக்காதும்மா, நேராத் திறந்துடும் என்று சொல்லித்தான் கொடுத்தாள். செல்வி முகமெல்லாம் சிரிப்பாக வாங்கிப் போனாள்.

அந்த வாரமே சாமிதுரை வந்தார். செல்வியின் அப்பா. நெல் கொள்முதல் நிலையத்தில் மூட்டை தூக்குகிறவர், தோளில் சாக்குத் தூசி படிந்த ஆள். லேப்டாப்பைத் துண்டில் சுற்றிக் கக்கத்தில் இடுக்கியிருந்தார். கடையில் ரெண்டு பேர் நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்று வாசலிலேயே நின்றார். உள்ளே கூப்பிட்டும் வரவில்லை. கடை காலியானதும் மெல்ல வந்து மேஜை மேல் அதைப் பிரித்து வைத்தார்.

"பாப்பா, ஆன் பண்ணா ரெண்டு வரி வரும். கீழ ஒரு தரம் அமுக்குனா இன்னொன்னு தெறக்கும். அதக் காணுமே."

அது வேஸ்ட்டுங்க, யாரும் பயன்படுத்துறதில்ல, எடுத்துட்டு இடத்தைச் சேர்த்துக் குடுத்திருக்கேன் என்று பிரியா சொன்னாள். கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

சாமிதுரை அவளையே பார்த்தார்.

"அதுலதான் எம்புள்ள இருந்தான்" என்றார்.

பிரியா சட்டென்று எழுந்துவிட்டாள். உட்காருங்க என்று ஸ்டூலை இழுத்துப் போட்டாள். அவர் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி, விட்டு விட்டுச் சொன்னார். லேப்டாப் கொண்டுவந்த அன்று அறிவரசன் அவரிடம் ஒரு விவரம் சொன்னானாம்: மேல் வரியில் வைரஸ் ஏறும், கீழ் வரியில் ஏறாது, முக்கியமானதெல்லாம் அதில்தான் வைக்கப்போகிறேன் என்று. புத்திசாலிப் பிள்ளை. அந்தக் கீழ் வரியில் கேமராவைத் திறந்து அப்பாவையும் தன்னையும் சேர்த்து ஒரு வீடியோ எடுத்தான். அதை எப்படித் திறப்பது என்று அப்பாவுக்கு ஒவ்வொரு பொத்தானாகக் காட்டியும் கொடுத்தான். படிக்காத மனுஷன், எழுத்து தெரியாது, விரல் போகிற இடத்தை வைத்தே பழகிக்கொண்டார். வீட்டில் இருந்த பட்டன் போனில் எவன் பேச்சைப் பிடித்து வைத்தான்? பையனின் குரல் என்று இந்த உலகத்தில் இருந்தது அது ஒன்றுதான்.

வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்துப் பரணிலிருந்து இறக்கிக் கேட்பாராம். பெண்சாதி செங்கமலத்துக்குத் தெரியாது. பையன் போன பிறகு ஒரு வருஷம் சித்தம் கலங்கிக் கிடந்து எழுந்தவள். குரலைக் கேட்டால் மறுபடியும் விழுந்துவிடுவாள் என்ற பயம். செல்விக்கும் தெரியாது. சின்னப் பெண், அம்மாவிடம் உளறிவிடும் என்று சொல்லவில்லை.

தேடிப் பார்க்கிறேன், அதில் என்ன இருக்கும் சொல்லுங்க, கிடைத்தால் அடையாளம் தெரிய வேண்டுமே என்று பிரியா கேட்டாள்.

"பெருசா ஒண்ணுமில்ல பாப்பா. எப்பா இங்க பாரேன், ஒம் மூஞ்சி தெரியுதும்பான். போடா, போயி வேலயப் பாருன்னு நான் சொல்லுவேன். சிரிப்பான். அம்புட்டுத்தான்."

லேப்டாப்பை விட்டுவிட்டு அவர் போனதும் பிரியா கடைக் கதவைச் சாத்தினாள். அழிந்ததை மீட்கிற சாப்ட்வேர் ஒன்று வைத்திருந்தாள். அதை ஓட விட்டுவிட்டு எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டு டப்பா திறக்காமலே கிடந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் வரிசையாகப் படங்கள் வந்து விழுந்தன. நிமிர்ந்து உட்கார்ந்து ஒவ்வொன்றாகத் திறந்தாள். ஆண்டு விழா, பைக், பேனர். அவளே திரும்பப் போட்ட படங்கள். வீடியோ ஒன்றுமில்லை. ஒரு நிமிஷம், பென்டிரைவைச் செருகுவதற்கு முன்னால் கீழ் வரியை அமுக்கி ஒரே ஒரு நிமிஷம் பார்த்திருந்தால் போதுமே, நாசமாய்ப் போனவளே என்று தன்னைத்தானே வாய்விட்டுத் திட்டினாள். மாதாவிடம் வேண்டிக்கொள்ளக்கூட அவளுக்கு வெட்கமாக இருந்தது.

மறுநாள் டிஸ்கைக் கழற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு அரியலூர் போய் பெரம்பலூர் பஸ் ஏறினாள். பாலிடெக்னிக்கில் அவளுக்கு மேல் வகுப்பு படித்த அன்பழகன் அங்கே டிஸ்க் மீட்கிற வேலை செய்கிறார். சாதாரணமாகக் கைவிரிக்கிற ஆள் இல்லை. டிஸ்கை மாட்டி வெகுநேரம் துழாவினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிவிட்டு, வெறுமே டெலிட் செய்திருந்தால் எடுத்திருக்கலாம், ஆனால் அந்த இடத்தின் மேலேயே புதுசாக என்னவோ எழுதியிருக்கிறதே, அப்படி எதைக் கொண்டுபோய் நிரப்பினாய் என்று கேட்டார்.

"அந்தப் பையன் போட்டோவத்தாண்ணே" என்றாள் பிரியா.

அன்பழகன் டிஸ்கைக் கழற்றி அவளிடம் கொடுத்தார். டீ சொன்னார். அவள் குடிக்கவில்லை.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவளுக்கு ஒரு யோசனை ஓடியது. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன் என்றே சொல்லிக் காலத்தை ஓட்டிவிடலாம். அவரும் வந்து வந்து கேட்டுவிட்டு ஒருநாள் கேட்பதை நிறுத்திவிடுவார். பேரும் கெடாது. இப்படி யோசித்தது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. திருமானூரில் இறங்கியவள் கடைக்குப் போகாமல் நேராகக் கொள்முதல் நிலையத்துக்கு நடந்தாள்.

லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அவளைப் பார்த்ததும் சாமிதுரை முதுகில் இருந்த மூட்டையை இறக்கிவிட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்தபடி வேகமாக வந்தார். அந்த வேகத்தைப் பார்த்ததும் அவள் தலையைக் குனிந்துகொண்டாள். எப்படியோ சொல்லி முடித்தாள். கிடைக்காதுங்க, இனி எங்கே கொண்டுபோனாலும் கிடைக்காது, என் கையாலதான் போச்சு, என்னைத் திட்டுங்க என்றாள். அழுகை வந்துவிட்டது.

அவர் திட்டவில்லை. நாலு வார்த்தை அசிங்கமாகத் திட்டியிருந்தால்கூட அவளுக்கு நன்றாக இருந்திருக்கும். பக்கத்தில் கிடந்த நெல் மூட்டையில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். லாரிக்காரன் சத்தம் போட்டுக் கூப்பிட்டான். அவர் காதில் விழவில்லை.

"செல்விகிட்ட சொல்லிடாத பாப்பா" என்றார் கடைசியில். "தான் கொண்டாந்து குடுத்துதான் போச்சுன்னு நெனச்சுக்கும். அது தாங்காது. அதுங்க ரெண்டுக்கும் இருந்ததே தெரியாது. போனதும் தெரிய வேணாம்."

பிரியா தலையாட்டினாள். அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு மூட்டைக்குப் போய்விட்டார். பெண்சாதியிடமும் சொல்ல முடியாது, மகளிடமும் சொல்ல முடியாது. வீட்டுக்குள் உட்கார்ந்து அழுதால் எதற்கு என்று கேட்பார்களே, அந்த மனுஷன் எங்கே போய் அழுவார்?

டிஸ்கை மாட்டி லேப்டாப்பைச் சாமிதுரையிடமே கொடுத்தனுப்பிய பிறகு பிரியா ஒருவரிடமும் இதைப் பேசவில்லை. கடை வழக்கம்போல நடந்தது. இப்போதெல்லாம் யார் எதைக் கொண்டுவந்தாலும் பென்டிரைவைச் செருகும் முன் உள்ளே இருக்கிற ஒவ்வொரு மூலையையும் திறந்து பார்க்கிறாள். நேரமாகிறது என்று சிலர் முகம் சுளித்துக்கொண்டு அரியலூருக்கே போய்விடுகிறார்கள்.

வைகாசியில் ஒருநாள் வெற்றிச்செல்வி மவுஸ் வாங்க வந்தாள். ப்ராஜெக்ட் முடித்துவிட்டாளாம், நல்ல மார்க்காம். லேப்டாப் பிரமாதமாக ஓடுகிறது அக்கா என்று சொல்லிக்கொண்டே வந்தவள், மவுஸைக் கையில் உருட்டிப் பார்த்தபடி குரலைத் தாழ்த்தினாள்.

"எங்கப்பா நல்லா மாறிட்டாருக்கா. மொதல்ல லேப்டாப்பக் குடுத்தப்ப எப்பத் திருப்பித் தருவன்னு கேட்டுக்கிட்டே பின்னால வந்தாரு. இப்ப நீயே வச்சுக்கம்மா, எனக்கு எதுக்குங்கிறாரு. அண்ணன் போனது இப்பத்தான் மனசு ஆறியிருக்கு போலக்கா."

பிரியா மவுஸை வாங்கி டப்பாவுக்குள் வைத்தாள். நல்லதும்மா என்றாள். மவுஸ் டப்பாவை ஒரு கவரில் போட்டு, சிரித்த முகமாகவே அவளிடம் நீட்டினாள்.