மஞ்சள் துணியில் வெட்டிய எழுத்துகள்

உள்ளறையில் மகள் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டதும் தையல்காரம்மாவின் கை அப்படியே நின்றது.

"யாரு, உன் மகளா?" என்றார் பதாகை வாங்க வந்த ஜெபக்குழுத் தலைவி.

"ஆமாக்கா. பித்தம்."

பொய் நாக்கைச் சுட்டது. பிள்ளையைச் சுமந்தால் மகளின் இதயம் தாங்காது என்று டாக்டர் கைவிரித்துவிட்டார். நாளைக் காலையில் கருவைக் கலைக்கப் போகிறார்கள். அதற்குச் சம்மதித்தவளும் தாயான இவள்தான். கருவிலுள்ள உயிர் கடவுள் தந்தது, அதைச் சட்டம் காக்க வேண்டும் என்று வாரந்தவறாமல் ஜெபித்தவளும் இவள்தான். இன்றும் அதை நம்புகிறாள். அந்த நம்பிக்கைதான் அவள் நெஞ்சை அறுத்தது.

தலைவி பதாகையை விரித்தார். 'பிறக்காத உயிருக்கும் சட்டம் காவல் நிற்கட்டும்.'

"எழுத்தெல்லாம் பூ மாதிரி இருக்குடி! இவ்வளவு மெத்துன்னு மஞ்சத் துணி எங்க பிடிச்சே?"

பேரப்பிள்ளையின் முதல் சட்டைக்காக வாங்கிய துணி அது. இனி எதற்கு என்று அழுதுகொண்டே வெட்டி, எழுத்தாக ஒட்டித் தைத்திருந்தாள்.

"வீட்ல சும்மா கெடந்துச்சுக்கா."

"நாளைக்கு ஊர்வலத்துல நீதான் முன்னால பிடிச்சுட்டு வரணும். சாக்குச் சொன்னே, மிஷினோட தூக்கிட்டுப் போயிடுவேன்!"

"வர முடியாதுக்கா. மகளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்."

தலைவியின் சிரிப்பு நின்றது. உள்ளறையைப் பார்த்தார், மஞ்சள் துணியைத் தடவிப் பார்த்தார். எழுத்து உள்ளே மறையும்படி பதாகையை மடித்துக்கொண்டார்.

"நான் ஜெபம் பண்றேன்டி" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

யாருக்காக என்று கேட்கத் துணிவில்லாமல் தையல்காரம்மா கதவைச் சாத்தினாள்.